பெட்டி அவள் கையில், குடை என் கையில்

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் யாரும் என்னைத் தேடி வருவதில்லை. ஆனால் கதவைத் திறப்பவன் நான்தான். வந்தவர் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். பிறகு என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள்ளே பார்ப்பார்.

"அக்கா இல்லீங்களா மாஸ்டர்?"

"இல்ல, புள்ளக்காம்பராவில இருக்காங்க. என்ன விசயம்னு என்கிட்ட சொல்லுங்களேன்."

"பரவாயில்லீங்க. பொறகு வாறோம்."

இருபத்தாறு வருடமாக இதே உரையாடல். கொட்டகலையில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். தட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது இந்தக் கை. என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகிற குழந்தைகளைப் பின்னேரம் வரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. நான் எழுத்தறிவித்தேன், அவள் மூக்குத் துடைத்தாள். வளர்ந்தவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை எங்கள் கதவு தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. லிந்துலைப் பக்கம் திரும்புகிற மேட்டில் துரைமார் காலத்துக் கருங்கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. நீளமான கால்களுக்காகச் செய்த பெஞ்சுகள். எங்களில் பலருக்கு இன்றைக்கும் கால் தரையில் படுவதில்லை. நான்கு சபைகளைப் பார்க்கிற எங்கள் போதகர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மட்டுமே இங்கே வந்து திருவிருந்து நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும் பிரசங்கம் செய்வதும் நான். இரண்டாம் ஞாயிறுகளில் வாசிப்பு வாசித்து, பாத்திரமும் பிடிப்பேன்.

திருவிருந்தைப் பற்றி ஐந்தாறு தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். பிட்கப்படும் அப்பம் என்பது பிறருக்காகப் பிட்கப்படும் வாழ்வு என்று சபை மலரில் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரையும் எழுதினேன். அதை முழுதாகப் படித்தவர் ஹட்டனில் அதைத் தட்டச்சு செய்த முஸ்லிம் தங்கச்சி ஒருவர்தான். "நல்லா இருக்கு சார், கொஞ்சம் நீளம்," என்றார்.

தேவாலயத்து அலுமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே நீல வெல்வெட் துணி, கையடக்கமான வெள்ளிக் கிண்ணம், ஒரு சின்னத் தட்டு, ஒரு குப்பி. நோயாளிகளின் வீட்டுக்குத் திருவிருந்தைக் கொண்டுபோவதற்கான பெட்டி. போதகர்களுக்குத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக, ஏறி இறங்க நேரமில்லாமல் போய், அது பல வருடமாகத் திறக்கப்படவில்லை. நான் மட்டும் மாதம் ஒருமுறை எடுத்து வெள்ளியைத் துலக்கி வைப்பேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பக்தி என்று சொல்லியிருப்பேன்.

போன வருடம் ஓர் இரண்டாம் ஞாயிறு, ஆசீர்வாதத்துக்கு முன் போதகர் அறிவித்தார். படுக்கையோடு இருப்பவர்கள் எங்கள் சபையில் ஏழு பேர். அவர்களுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோக, சபையிலிருந்து ஒருவரை நியமிக்க மேலிடத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார். நான் கொலரைச் சரிசெய்துகொண்டு, முகத்துக்குப் பணிவை வரவழைத்தேன். பணிவு எனக்கு வரும். கொஞ்சம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

போதகர் என் மனைவியின் பெயரைச் சொன்னார்.

அவள் பெஞ்சில் இல்லை. யாரோ ஒருவரின் பிள்ளைக்கு வாந்தி என்று வெளியே தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கம் நின்றிருந்தாள். "யாராவது போயி அக்காவக் கூப்பிடுங்களேன்," என்றார் போதகர். பீடத்தின் பக்கத்திலிருந்து கதவுக்கு நேர்வழியில் நின்றவன் நான். நானே போய்க் கூப்பிட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

"உனக்குப் பெட்டி குடுக்கப் போறாங்க."

"என்னா பெட்டி?" என்றாள். நான் பல வருடம் துலக்கிய பெட்டி அது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் அவள் கேட்டாள்: "கோவமா இருக்கீங்களா?"

"எனக்கென்ன கோவம்."

"அப்ப ஏன் சோத்துல ரெண்டு தரம் உப்புப் போட்டீங்க?"

கோபமாக இருந்திருந்தால் நல்லது. கோபத்தை நாலு பேரிடம் சொல்லலாம், நம் பக்கம் இரண்டு பேர் சேருவார்கள். பொறாமைக்கு அந்த வசதி இல்லை. அதிலும் மனைவிமேல் பொறாமை என்றால் அவளிடமேகூடச் சொல்ல முடியாது. கெட்ட குமாரன் கதையில், திரும்பி வந்த தம்பிக்கு வீட்டுக்குள் விருந்து நடக்க, வெளியே முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த மூத்த மகனைப் பற்றி நான் மூன்று பிரசங்கம் செய்திருக்கிறேன். மூன்றிலும் அவனை நன்றாகவே திட்டியிருக்கிறேன்.

அவளுக்கு வாசிப்புக் கொஞ்சம் தடுக்கும். ஜெபங்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அவளே வாசித்துவிடுவாள். நான் சின்ன எழுத்தில், நெருக்கமாக, இரண்டு பக்கமும் எழுதினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "நீங்களும் வாங்க, நீங்க வாசிங்க," என்றாள். அதைத்தான் எதிர்பார்த்தேன். இப்படியாகப் பெட்டி அவள் கையிலும், குடையும் தாளும் என் கையிலுமாக எங்கள் ஊழியம் தொடங்கியது.

போகிற வீட்டில் எல்லாம் அவளுக்கு நெருப்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. முதல் வீட்டுக் கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்தாள். வெந்நீர் வைத்து முகம் கழுத்தெல்லாம் துடைத்தாள். தலையணை உறையை மாற்றினாள். மருமகள் என்ன செய்கிறாள், ஆடு குட்டி போட்டதா, எல்லாம் விசாரித்தாள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம்.

"ஆரம்பிப்போமா?" என்றேன்.

"ஆரம்பிச்சுத்தானே இருக்கோம்," என்றாள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே.

நான் வாசித்தது ஏழு நிமிடம். தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். முடிந்ததும் கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்னைப் பார்த்து, "மாஸ்டர் குடையை மறந்துறாதீங்க," என்றாள்.

ஏழாவது வீடு ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையுடையது. அங்கே போக எனக்குக் கால் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

அவர் வேலையில் இருந்த காலத்தில் காலைப் பெரட்டில் நின்று ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர். பெரட்டு ஆறரைக்கு என்றால் ஆறரைக்கு. ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும், "நாளைக்கு வா," என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரக்கம் வந்த நாளில் அரைப்பேர் போடுவார், அதாவது பாதி நாள் வேலை செய்ததாக மட்டும் பதிவார். ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, பிந்தி வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருப்பார்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, திராட்சைத் தோட்டத்தில் காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானைப் பற்றி நான் பிரசங்கித்தேன். நடுவில் ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. "அந்தத் தோட்டத்துல நம்ம கணக்கப்பிள்ளை ஐயா இருந்திருந்தா," என்றேன், "சாயங்காலம் வந்தவனுக்குக் கூலி எங்க, அரைப்பேருகூடக் கெடச்சிருக்காது. நாளைக்கு வான்னு பரலோகத்து வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாரு."

சபை சிரித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அடங்கவே இல்லை. அது என் நகைச்சுவைக்குக் கிடைத்த சிரிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். பெரட்டிலிருந்து திரும்பி நடந்தவர்கள் பல வருடமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு அது என்று புரிய எனக்கு நாளாயிற்று. கணக்கப்பிள்ளை எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், வெளியே போனார். அதற்குப் பிறகு திருவிருந்துக்கு வரவேயில்லை. நான் பதினொரு வருடமாக, மனத்தாங்கல் உள்ளவன் முதலில் போய் ஒப்புரவாகி வரட்டும் என்று மற்றவர்களுக்கு வாசித்துக்காட்டிவிட்டு, தவறாமல் அப்பம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவருடைய இஸ்தோப்பில், அதாவது லயத்து வீட்டு முன்விறாந்தையில், நாங்கள் ஏறியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வா புள்ள. அவரு வெளியவே நிக்கட்டும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தாளை அவளிடம் நீட்டினேன். அவள் உள்ளே போனாள். மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவே அவள் ஜெபத்தை வாசிப்பது கேட்டது. ஒவ்வொரு வரியிலும் தடுக்கினாள். ஓரிடத்தில் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். என் சின்ன எழுத்து. வெளியே நின்று நானே எனக்குள் அவளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தரமும் அவளைத் திருத்தவில்லை. முடிந்ததும், "ஆமென்," என்றார், பெரட்டுக்குக் கேட்கிற சத்தத்தில்.

திரும்பும் வழியில் கேட்டேன், "நீ முன்னாடியே இவர் வீட்டுக்கு வந்திருக்கியா?"

"புதன்கிழமை புதன்கிழமை வருவேன்."

"எத்தன நாளா?"

"அவரு சம்சாரம் செத்ததில இருந்து. நாலு வருசம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா அதையும் பிரசங்கத்துல போடுவீங்க."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளாகவே சொன்னாள்: "எங்கம்மாவ அவரு எத்தன நாள் திருப்பி அனுப்பியிருக்காரு தெரியுங்களா? கைப்புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடியாருவாங்க, அஞ்சு நிமிசம் பிந்திப் போயிரும். அந்தக் கைப்புள்ள நான்தான்."

எனக்கு அப்போது வந்திருக்க வேண்டியது வெட்கம். வந்தது பொறாமை. மன்னிப்பதற்கு இவ்வளவு பெரிய விசயம் அவளிடம் இருக்கிறது, அதையும் என்னிடம் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்காம்பராப் படியில் அவளுக்குக் கால் பிசகியது. புதன்கிழமை காலை கணுக்காலில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மணிக்கு அவருக்குக் கஞ்சி கொண்டுபோகணும். நகமும் வெட்டணும், நல்லா வளந்திருச்சு. நீங்க போங்க."

"என்ன உள்ள விட மாட்டாரே."

"உள்ள விடுறது அவரு பாடு. போறது உங்க பாடு. சீனி வருத்தம் உள்ள மனுசன், ரத்தம் வந்துறாமப் பாத்து வெட்டுங்க."

ஒப்புக்கொண்டேன். காரணம் நல்ல காரணமில்லை. அவள் கையால் அப்பம் வாங்கிய மனிதர் என் கையாலும் ஒன்றை வாங்கிவிட்டால் எங்களுக்குள் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதென்றும் முடிவுசெய்தேன். வெறுமனே கேட்க முடியுமா? எழுதினேன். முதல் பிரதியில் பணிவு போதவில்லை. இரண்டாவதில் அதிகமாகிவிட்டது. மூன்றாவதில் ஒரு நல்ல வாக்கியம் அமைந்தது, அதைச் செதுக்கிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

பிளாஸ்க்கோடு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இஸ்தோப்பில் நாற்காலியில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி உட்காரவைத்திருப்பார்கள். கால்கள் வீங்கி, ஒரு சாக்கின்மேல் இருந்தன. மணிக்கட்டில் கடிகாரம்.

"இப்ப மணி என்னா மாஸ்டர்?"

"நாலு இருபதுங்க ஐயா. அவளுக்குக் கால் பிசகி..."

"நாலுக்கு வாறதுதான் வழக்கம். பெரட்டு கலைஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிளாஸ்க்க மட்டும் வச்சிட்டுப் போங்க."

தண்ணீர்ப் பீலியடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் படியிறங்கும்போது ஒருத்தி மற்றவளிடம் என்னவோ சொன்னாள். சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைக்கு நடுவே அந்தப் பாதை சாதாரணமாகப் பத்து நிமிடம். அன்றைக்கு மிக நீளமாக இருந்தது. சட்டைப் பையில் மூன்றாவது பிரதி.

"வெட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நாளைக்கு வரச் சொன்னாரு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் காலைத் தேய்க்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

மறுநாள் நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய் இஸ்தோப்புக்குக் கீழே நின்றேன். நாலு மணிக்கு அவர் தலையை ஆட்டினார். ஏறிப்போய், வெந்நீரில் கால்களை ஊறவைத்து, தரையில் உட்கார்ந்து, ஒரு பாதத்தை என் மடியில் எடுத்து வைத்தேன். மாட்டுக் கொம்பு மாதிரி நகங்கள். நகவெட்டி வழுக்கியது. பெருவிரலைப் பிடித்தபடி, மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன்.

"ஐயா, அன்னைக்கு சேர்ச்சுல நான் பேசுனது..."

"பேசிக்கிட்டே வெட்டாதீங்க மாஸ்டர். ரத்தம் வந்துரும்."

வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். ஐந்து விரல் முடிய அரை மணி நேரம். எனக்கு வேர்த்துவிட்டது. கடைசி விரலில் இருந்தபோது அவர் பேசினார்.

"எல்லாரும் சிரிச்சாங்க. உங்க மாமியாதான் ரொம்ப சத்தமாச் சிரிச்சுச்சு. பாவம், அதுவும் போய்ச் சேந்துருச்சு. அவங்க சிரிச்சது சரிதான், அவங்களுக்கு வழக்கு இருந்துச்சு. உங்கள நான் ஒரு நாளும் திருப்பி அனுப்புனதில்லையே. நீங்க எதுக்குச் சொன்னீங்க?"

மூன்று பிரதிகளிலும் எழுதாததைச் சொன்னேன்.

"சிரிப்பாங்கன்னுதான் சொன்னேன் ஐயா."

வெட்டிய ஐந்து விரல்களையும் அவர் பெரட்டில் ஆள் எண்ணுவதுபோல எண்ணினார். பிறகு காலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு காலுதான். அரைப்பேரு. மத்தக் காலுக்கு நாளைக்கு வாங்க."

மூன்றாம் நாளும் போனேன். மற்றக் காலின் நகங்களையும் வெட்டி முடித்தேன். முழுப்பேர் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அந்த வாரம் ஜெபத் தாளை மறுபடி எழுதினேன். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி இடைவெளி விட்டு. மனைவியிடம் கொடுத்தபோது கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இப்ப கண்ணாடியே வேணாம் போலயே. அப்ப நீங்க எதுக்கு வரணும்?"

"குடை பிடிக்க."

அடுத்த இரண்டாம் ஞாயிறு அவளுக்குக் கால் சரியாகியிருந்தது. ஆறு வீடுகள் முடித்து ஏழாவதுக்கு வந்தோம். அவள் பெட்டியோடு உள்ளே போனாள். நான் பழையபடி இஸ்தோப்பில் ஒதுங்கி நின்றேன். உள்ளே படுக்கை விரிப்பை இழுத்துவிடுகிற சத்தம், வெந்நீர் ஊற்றுகிற சத்தம். பிறகு அவர் குரல்.

"வெளிய நிக்கிறது யாரு புள்ள?"

"அவருதாங்க ஐயா."

"ரொம்பத்தான் லேட்டு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, வரச் சொல்லு."

குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கட்டில் காலடியில் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். அவள் வாசித்தாள். தடுக்கவில்லை. கை கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்கிற இடம் வந்தபோது அவர் படுக்கையிலிருந்து கையை நீட்டினார். பலகையிலிருந்து எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன். அவள் அவருக்கு அப்பம் கொடுத்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் காலையிலேயே தேவாலயத்தில் வாங்கிவிட்டேன். ஒரே நாளில் இரண்டாம் தரம் தேவையில்லை என்று படித்த புத்தகங்கள் சொல்கின்றன, எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். கையை நீட்டினேன்.

பெட்டியை அடுக்கும்போது அவர் சொன்னார்:

"புதன்கிழமை நகத்துக்கு மாஸ்டரையே அனுப்பு புள்ள. நீ வெட்டுனா வலிக்குது. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

என் மனைவி பெட்டியை மூடினாள். பெட்டியின் கொக்கி எப்போதும் சரியாக மாட்டாது, இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டும். அன்றைக்கு ஒரே அடியில் மாட்டிக்கொண்டது.

இறக்கத்தில் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள், இரண்டு வாரத்துக்கு முன் கால் பிசகியவள் போலவே இல்லை. தூறல் போட்டது. எட்டிப் பிடித்துக் குடையை விரித்தேன்.

"கோவமா?" என்றேன்.

"எனக்கென்ன கோவம்," என்றாள்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அதை இத்தனை காலமாகப் பாவித்துவந்தவன் நான். குடையை அவள் பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்தேன். என் இடது தோள் முழுக்க நனைந்தது. மனதுக்குள் ஒரே சந்தோசம். அதைக் கிறிஸ்தவச் சந்தோசம் என்று சபை மலரில் எழுத முடியாது.